ஒரு சேதி மட்டும் கொள்ளும் பெட்டி

எங்கள் நிறுவனத்தில் இரண்டு மூளைகள் இருந்தன. இரண்டுமே உள்ளங்கையகலப் பச்சைப் பலகை ஒன்றில் ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருந்தன. பலகைக்கு வெளியே தேடியவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியது.

தொண்ணூறுகளின் நடுவில், பொறியியல் பட்டத்தோடும், படித்ததால் யாருக்கேனும் நன்மை விளைய வேண்டும் என்ற எண்ணத்தோடும் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து பிரிந்து செல்லும் மண் பாதையில் எங்கள் கொட்டகை இருந்தது. முதலாளியின் தகப்பனார் பருத்தி விளைவித்தவர். முதலாளி பம்புசெட்டுக்கு வார்ப்பு ஊற்றிக்கொண்டிருந்து, பிறகு நூற்பாலைகளுக்கு இயந்திரம் செய்யத் தொடங்கியவர். பஞ்சுப் பட்டைகள் பலவற்றை உருளைகளுக்கிடையே இழுத்து ஒரே சீரான பட்டையாக்கும் இயந்திரம் அது. ஊரெல்லாம் கம்ப்யூட்டர் என்ற சொல்லைச் சந்தனம்போல எதன் மீதும் பூசிக்கொண்டிருந்த காலமாகையால், எங்கள் இயந்திரத்துக்கும் அந்தப் பூச்சு தேவைப்பட்டது.

நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி மூளைகள் என்று நான் சொன்ன பிராசசர்களை, அதாவது செயலிகளைப் பற்றியதல்ல.

"ஏனுங்க அம்மணி, உங்குளுக்கு எந்த ஊருங்க? ஊட்டுல காடு தோட்டமெல்லாம் இருக்குதுங்களா?"

தோட்டம் இல்லை, தாத்தா பிறருடைய தோட்டத்தில் வேலை செய்தவர் என்றேன். முதலாளி, "சரிங்க, சரிங்க, நல்லதுங்க" என்று மூன்று முறை மரியாதை செய்தார். அந்த மரியாதைக்குப் பிறகு எனக்கு மட்டும், மற்றவர்கள் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரில் அல்லாமல், கண்ணாடி டம்ளரில் தேநீர் வந்தது. எங்கள் பகுதியில் ஒருவரை அவமதிப்பதற்குக்கூட 'ங்க' சேர்க்காமல் முடியாது.

எனக்குத் தரப்பட்ட வேலை எழுதுவது. தரச்சான்றிதழ் வாங்கும் காய்ச்சல் அப்போது கோவையின் தொழிற்கூடங்களையெல்லாம் பிடித்திருந்தது. சான்றிதழ் கொடுப்பவர்கள் இயந்திரத்தைத் தொட்டுப் பார்ப்பதில்லை. அதைப் பற்றி எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். ஆகவே எங்கள் இயந்திரத்தை ஆளும் சிறிய இயங்குதளத்தின் கருவில், அதாவது கெர்னலில், இரண்டு செயலிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் வன்பொருளை விவரித்து நான் ஓர் அத்தியாயம் எழுத வேண்டும்.

அந்தக் கெர்னலை எழுதியவர் முதலாளியின் மருமகன். வெளிநாட்டில் மேற்படிப்பு முடித்துத் திரும்பியவர். கொட்டகையில் குளிரூட்டப்பட்ட ஒரே அறை அவருடையது. இயந்திரங்களுக்கு வெப்பம் ஆகாது என்பது காரணம்; இயந்திரங்கள் யாவும் வெளியேதான் நின்றன.

வன்பொருள் எளிமையானது. ஒரு செயலி மோட்டாரை ஓட்டும். மற்றது முகப்புப் பலகையின் பொத்தான்களையும், உருளைகளின் மேலிருக்கும் மூடியையும் கவனிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெட்டி. அதில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சேதிதான் இருக்க முடியும். முகப்பைக் கவனிக்கும் செயலி பெட்டியில் சேதியை வைத்ததும் மறு செயலிக்கு ஒரு மணி அடிக்கும். அது தன் கைவேலையை நிறுத்திவிட்டு வந்து சேதியை எடுத்துக்கொள்ளும். பெட்டியின் மேல் ஓர் அடையாளமும் உண்டு: உள்ளே சேதி இருந்தால் 'நிறைந்தது', எடுத்த பின் 'காலி'. அனுப்புகிறவர் அந்த அடையாளத்தைப் பார்த்து, காலியான பிறகே அடுத்த சேதியை வைக்க வேண்டும். பார்க்காமல் வைத்தால் புதியது பழையதன் மேல் எழுதப்படும். பழையது எவர் கண்ணிலும் படாமல் அழிந்துபோகும்.

இந்த வன்பொருளைச் செய்தவர்கள் எங்கோ இருந்த அறிவாளிகள். அடையாளத்தை வைத்ததே பார்ப்பதற்காகத்தான். எங்கள் கெர்னலோ அதைப் பார்க்கவில்லை.

முதலில் நான் தவறாகப் படித்துவிட்டேன் என்றே எண்ணினேன். மறுபடி படித்தேன். அடையாளத்தைப் பார்க்கும் வரிகள் ஒரு காலத்தில் இருந்து, பின்னர் நீக்கப்பட்டிருந்தன. குளிரூட்டிய அறைக்குப் போய்க் கேட்டேன்.

"அதுங்களா?" என்று மருமகன் சிரித்தார். "போன கண்காட்சியில டிஸ்பிளேல நம்பர் ஒரு செகண்டு நின்னு நின்னு ஓடுச்சுங்க. வாங்க வந்த பார்ட்டிங்க எல்லாம், என்னங்க இது, கம்ப்யூட்டர் யோசிக்குதுங்களான்னு கேலி பண்ணிப்போட்டாங்க. அதான் வெயிட் பண்ற வரிகள எடுத்துப்போட்டேன். இப்ப பாருங்க, தண்ணி மாதிரி ஓடுது."

"சேதி தொலைந்துபோனால்?"

"மோட்டார் பிராசசரு சும்மாதானுங்க உக்காந்திருக்குது. வெச்ச வேகத்துல எடுத்துரும். தொலையறதுக்கு நேரம் எங்கீங்க இருக்குது?"

அந்தப் பெட்டி வழியாகப் போகும் சேதிகளில் ஒன்று, 'மூடி திறந்துவிட்டது, நிறுத்து' என்பது. உருளையில் பஞ்சு சுற்றிக்கொள்வது ஆலையில் அன்றாட நிகழ்ச்சி. மூடியைத் தூக்கி, விரலால் பஞ்சை உரித்தெடுப்பார்கள். மூடி திறந்ததும் இயந்திரம் நிற்கும் என்று நம்பித்தான் கை உள்ளே போகும். எண்கள் தண்ணீர்போல ஓட வேண்டும் என்பதற்காக எவரோ ஒருவருடைய விரல்களைப் பணயம் வைத்திருக்கிறோம் என்பதை எந்த மொழியில் சொன்னால் அந்த அறையின் குளிரைத் தாண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தியாயத்தில் உள்ளது உள்ளபடி எழுதினேன்: அடையாளத்தைக் கெர்னல் பார்ப்பதில்லை, ஆகவே சேதி தொலையலாம், நிறுத்தும் சேதியும் தொலையலாம், மூடியை நம்பிக் கை வைக்கக் கூடாது. கூட்டத்தில் முதலாளி அதை மெல்லப் படித்தார். மருமகனை ஏறிட்டுப் பார்த்தார். எங்கள் பக்கத்தில், சோற்றில் உப்பு அதிகம் என்று பெண் கொடுத்த மாப்பிள்ளை நம்மிடம் சொல்லலாமே தவிர, அவரிடம் நாம் எந்தக் குறையும் சொல்லக் கூடாது.

"மாப்பளைங்களுக்குத் தெரியாததுங்களா அம்மணி?" என்றார் முதலாளி. "இந்தப் பாராவ மட்டும் உட்டுப்போடுங்க. மத்ததெல்லாம் அருமையா இருக்குதுங்க."

அந்தப் பத்தியின் இடத்தில், 'எல்லாச் சேதிகளும் உடனுக்குடன் சேர்ப்பிக்கப்படும்' என்ற ஒரு வாக்கியம் ஏறியது. சான்றிதழ் வந்தது. சட்டமிட்டு, வாசலில் விநாயகருக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். இரண்டுக்கும் தினமும் பூ வைத்தார்கள்.

முதல் இயந்திரத்தைப் பெருந்துறைப் பக்கத்து ஆலை ஒன்று வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. அனுப்பும் முன் ஓட்டிக் காட்ட நல்ல நாள் பார்த்தார்கள். ஆலையின் மேலாளர் வந்தார். இயந்திரத்தில் நிற்கப்போகிற பெண்ணையும் உடன் அழைத்து வந்திருந்தார். முப்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆலையின் நீலச் சட்டை. அவர் உட்காருவதற்கு யாரும் நாற்காலி போடவில்லை, நான் போட்டேன். அவர் உட்காரவில்லை.

இயந்திரத்துக்குப் பூசை நடந்தது. எங்கள் ஊரில் ஓடுகிற பொருள் எதுவானாலும் அதற்கு நெற்றி ஒன்றைக் கண்டுபிடித்துப் பொட்டு வைப்பார்கள், கழுத்து ஒன்றைக் கண்டுபிடித்து மாலை போடுவார்கள். எங்கள் இயந்திரத்துக்கு முகப்புப் பலகையே முகம் என்று முடிவாயிற்று. ரோஜாவும் மரிக்கொழுந்தும் வைத்துக் கட்டிய கனத்த மாலையைப் பலகையைச் சுற்றிச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். கயிற்றின் முடிச்சு, வேகத்தைக் கூட்டும் பொத்தானின் மேல் சரியாக உட்கார்ந்தது.

இயந்திரம் ஓடத் தொடங்கியது. வேகம் ஏறிற்று. ஏற ஏற மருமகனின் முகம் மலர்ந்தது.

"பாருங்க சார், என்ன பிக்கப்பு பாருங்க!"

"மோசமில்லீங்க" என்றார் மேலாளர்.

வேகம் அதன் உச்ச வரம்பில் போய் நின்றது. அழுந்தியிருந்த பொத்தானோ, 'கூட்டு, கூட்டு' என்ற சேதியைப் பெட்டிக்குள் ஓயாமல் திணித்துக்கொண்டிருந்தது. மோட்டார்ச் செயலி ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, ஏற்கெனவே உச்சம் என்று ஒதுக்கிக்கொண்டிருந்தது. சும்மா உட்கார்ந்திருப்பதாகச் சொல்லப்பட்ட செயலிக்கு அன்று மூச்சு விட நேரமில்லை.

உருளையில் பஞ்சு சுற்றியது. "மூடியத் தொறங்க அம்மணி, தானா நின்னுரும்" என்று முதலாளி அந்தப் பெண்ணை அழைத்தார். அவர் மூடியைத் தூக்கினார். நிறுத்தும் சேதி பெட்டிக்குள் போயிருக்கும். ஒரு முறைதான் போகும். எடுக்கப்படும் முன்பே அதன் மேல் இன்னொரு 'கூட்டு' வந்து விழுந்தது. உருளைகள் சுற்றிக்கொண்டே இருந்தன.

அவருடைய வலக்கை மூடிக்கு உள்ளே பாதி தூரம் போயிருந்தது.

"சத்தம் அடங்குலீங்களே," என்று கையை அப்படியே நிறுத்தினார்.

"அடங்கீருமுங்க, வெய்யுங்க" என்றார் முதலாளி.

நான் மாலையைப் பிடித்து இழுத்தேன். "ஐயோ, சாமி காரியமுங்க அம்மணி, மாலைய எடுக்காதீங்க!" என்று முதலாளி என் கையைத் தடுத்தார். அவரோடு வாதம் செய்யாமல் சுவரிலிருந்த மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினேன். இயந்திரம் அடங்கிற்று. கற்பூரம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

பிறகு நடந்த ஆராய்ச்சியை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. முடிச்சைக் கண்டுபிடித்தார்கள். குற்றவாளி அகப்பட்டுவிட்டதாக எல்லார் முகத்திலும் நிம்மதி. முகப்புப் பலகையில், 'இங்கே மாலை அணிவிக்கக் கூடாது' என்று ஓர் அறிவிப்பு ஒட்டுவது என்று தீர்மானித்தார்கள். அதன் எழுத்து சிவப்பா நீலமா என்பதைப் பற்றி மருமகன் தீவிரமாகச் சிந்தித்தார்.

"மாலை இல்லாவிட்டால் பொத்தானில் ஒருவருடைய முழங்கை படும்," என்றேன். "பெட்டி அப்படியேதான் இருக்கிறது."

"எல்லாத்தையும் கெட்டதாவே நெனைக்கறீங்களே அம்மணி," என்றார் முதலாளி.

நீலச் சட்டை அணிந்த பெண் தம் மேலாளரைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணா, நான் இதுல நிக்க மாட்டேனுங்க."

"நீ நிக்காட்டி இன்னொருத்தி நிப்பா," என்றார் மேலாளர். "மெசினு வந்தா யாராச்சும் நின்னுதானே ஆகோணும்?"

"அப்ப நீங்களே நில்லுங்க. மூடியத் தொறந்து கைய உடுங்க, பாக்கலாம்."

மேலாளர் மூடியைப் பார்த்துவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார். அவர் இரக்கமற்றவர் என்பதை மறைக்காத மனிதர். ஆனால் அவருக்கும் ஒரு பயம் இருக்கும் என்று நான் கணக்கிட்டேன். தொழிற்சாலை ஆய்வாளர் வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தால் என்ன சொல்வீர்கள் என்று அவரிடம் கேட்டேன். மனிதக் கைக்கு அசையாத முகம் ஆய்வாளர் என்ற சொல்லுக்கு அசைந்தது.

"இதுக்கு என்ன வழிங்க?"

"ஒரு கம்பி. மூடியில் ஒரு சுவிட்ச். அங்கிருந்து மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலேவுக்கு நேராக ஒரு கம்பி. செயலியும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். மூடி திறந்தால் மின்சாரம் போய்விடும்."

மருமகன் முகத்தைச் சுளித்தார். இரண்டு செயலிகள் வைத்த இயந்திரத்தில் ஒரு கம்பியா? காட்டுக் கிணற்று மோட்டாருக்குப் போடுவதுபோல? ஆனால் கம்பி இல்லாவிட்டால் இயந்திரத்தை எடுத்துப்போக முடியாது என்று மேலாளர் சொல்லிவிட்டார். வாங்குகிறவர் சொன்னால் அது மாப்பிள்ளையைக் குறை சொல்வதாகாது. அன்றே சிவப்புக் கம்பி போடப்பட்டது. மாலையை மீண்டும் அதே இடத்தில் கட்டச் சொன்னேன், கட்டினார்கள். வேகம் ஏறிற்று. அந்தப் பெண் மூடியைத் தூக்கினார். உருளைகள் நின்றன. அவர் மூடியைப் போட்டார், இயக்கினார், மறுபடி தூக்கினார். நின்றது. நம்பிக்கை வரும்வரை செய்துகொண்டே இருந்தார். அதற்குப் பிறகே விரலை வைத்துப் பஞ்சை உரித்தார்.

அடுத்த விளம்பரத் தாளில் அந்தக் கம்பி, 'எங்கள் ஆய்வுப் பிரிவு உருவாக்கிய இரட்டைப் பாதுகாப்பு' ஆயிற்று. ஆய்வுப் பிரிவு என்பது குளிரூட்டிய அறை. என் அத்தியாயத்தில் எல்லாச் சேதிகளும் இன்னமும் உடனுக்குடன் சேர்ப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தன.

வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் ஒரு கணக்கு என்னைத் தடுத்தது. அந்தக் கம்பி இயந்திரத்தில் இருந்தது, வரைபடத்தில் இல்லை. வரைபடத்தில் இல்லாத கம்பி அடுத்த இயந்திரத்தில் இருக்காது. இருந்தாலும், இது எதற்கு என்று ஒருவர் கேட்டு, மற்றவர் தெரியாதுங்க என்று சொல்ல, மூன்றாமவர் கழற்றிவிடுவார். ஆகவே இருந்தேன். வரைபடத்தில் கம்பியை வரைந்தேன். அதன் பக்கத்தில், கொட்டகையில் கம்பி பூட்டுகிறவர்கள் படிக்கும் தமிழில், 'இதை எடுத்தால் ஒருவருக்குக் கை போகும்' என்று எழுதி, முதலாளியின் கையெழுத்துக்கு வைத்தேன்.

அவர் பதறிப்போனார். "கை போகுமுன்னு எழுதாதீங்க அம்மணி. அபசகுனமுங்க. 'இதை எடுக்காமல் இருந்தால் நல்லது'ன்னு போட்டுக்கலாமுங்களே?"

"அப்படி எழுதினால் எடுத்துவிடுவார்கள்."

"கொஞ்சம் மருவாதையா..."

"கை போகும்," என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "இந்த டிராயிங்க பார்ட்டிங்க யாரும் பாக்க மாட்டாங்கல்லீங்க?"

பார்க்க மாட்டார்கள் என்றேன். அவர் முகம் தெளிந்தது. மரியாதையாக, அழகாக, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.