ஞானமுத்து மாஸ்டர் விஞ்ஞானம் படித்த வருஷம்

செய்தியைக் கொண்டுவந்தவன் லெட்சுமணன். அலோர் காஜா ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெஸ்ஸராக இருக்கிறான். வேலை உடுப்போடு சைக்கிளில் வந்து, நான் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்பின் வாசலில் நின்றான். ஏழெட்டு வருஷத்துக்கு முன், நான் மலாக்கா பட்டணத்தில் வேலை பார்த்தபோது எங்கள் பள்ளியில் படித்தவன். எதையும் சுற்றிவளைத்துச் சொல்லத் தெரியாதவன்.

"மாஸ்டர், ஞானமுத்து மாஸ்டர் காலையில போயிட்டாரு. மலாக்காவிலேர்ந்து டெலிபோன் வந்துச்சு. நெஞ்சுவலியாம். ஸ்கூலுக்குக் கெளம்பி சட்டை மாட்டிக்கிட்டு இருந்தாராம்."

கரும்பலகையில் பாதி எழுதியிருந்த கணக்கை அப்படியே விட்டுவிட்டு அவனோடு பஸ் ஏறினேன்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் அவருடைய பழைய மாணவர்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று எல்லாரும் இருந்தார்கள். ஞானமுத்து மாஸ்டர் வேலைக்கு வந்த நாள் முதல் பூகோளம் நடத்தியவர். ஆனால் அங்கே நின்றவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் அவர் சயன்ஸ் நடத்திய ஒரே ஒரு வருஷத்தைப் பற்றித்தான். அவரை அறிந்த உங்களில் பலருக்கும் அந்தக் கதை அங்கங்கே தெரிந்திருக்கும். அதில் ஒரு பகுதி மட்டும் அவருக்கும் எனக்கும் நடுவே இருந்தது. இனி அதை நான்தான் சொல்லவேண்டும்.

அது ரப்பர் விலை விழுந்த சமயம். தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். பள்ளிக்கூடங்களிலும் குறைத்தார்கள். எங்கள் ஆங்கிலப் பள்ளியில் சயன்ஸ் மாஸ்டர் வேலை எடுபட்டது. எட்டாம் ஸ்டாண்டர்டு பையன்களுக்கோ அந்த வருஷம் சீமையிலிருந்து பரீட்சைத் தாள் வரும். தலைமை ஆசிரியராக இருந்த வெள்ளைக்காரத் துரை, பூகோள மாஸ்டரைக் கூப்பிட்டு ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டார். அவர் அதைத் தூக்கிக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, மாட்டிக்கிட்டேன் லா. இனிமே நாந்தான் சயன்ஸ் மாஸ்டராம்."

"ஒங்களுக்கு சயன்ஸ் தெரியுமாண்ணே?"

"மழை பேஞ்சா நனையும்னு தெரியும்."

முதல் நாள் வகுப்பில் அவர் பேசியதைப் பையன்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்கள். "எனக்கும் இந்தப் பாடம் புதுசு. உங்களுக்கு ஒரு பக்கம் முன்னால் நான் படித்துக்கொண்டு வருவேன். நான் விழித்தால் நீங்கள் சிரிக்கலாம். ஆனால் சிரித்தவன் மறுநாள் அந்தப் பதிலைத் தேடிக்கொண்டு வரவேண்டும்." ஒரு வாத்தியார் இப்படியும் சொல்லலாமா என்று மற்ற ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். நானும் சுளித்தேன்.

அலமாரியில் இருந்தது ஒரு ஸ்பிரிட் விளக்கு, உஷ்ணமானி ஒன்று, இரண்டு காந்தம், விளிம்பு உடைந்த கண்ணாடித் தொட்டி. புதிதாக எதுவும் வாங்கித்தர முடியாது என்று துரை சொல்லிவிட்டார். அதனால் அந்த வருஷம் எட்டாம் ஸ்டாண்டர்டு வகுப்பறையில் கண்டதெல்லாம் வந்து சேர்ந்தது: ஊறுகாய்ப் போத்தல், சைக்கிள் பம்பு, செம்பருத்திப் பூ, பழைய முகக்கண்ணாடி. கை கழுவும் பேசினில் தவளைக் குஞ்சுகள் கால் முளைத்துக் குதித்தோடிய அன்று பள்ளிக்கூடமே வேட்டையாடியது.

கடல் நீரில் என்ன கரைந்திருக்கிறது என்ற பாடத்துக்கு வகுப்பையே உம்பாய் கடற்கரைக்கு அழைத்துப் போனார். கூடப் போனவன் நான். கரையில் கல் கூட்டிக் கடல் தண்ணீரைக் காய்ச்சினோம். நெத்திலி உலர்த்திக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மாள் ஒருத்தி வந்து பார்த்துவிட்டு, "கடையில் உப்புத் தீர்ந்துபோய்விட்டதா, சிக்கு?" என்று மலாயில் கேட்டாள். வாத்தியாரை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இவர் கொஞ்சமும் வெட்கப்படாமல், ஆவியில் பீங்கான் தட்டைப் பிடித்து, அதில் வழிந்த நீரை ஒரு கிண்ணத்தில் சேர்த்து அந்த அம்மாளிடம் நீட்டினார். நக்கிப் பார்த்தவள் கண்ணை அகல விரித்தாள். கடல் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை! கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் காட்டப் போய்விட்டாள். கிண்ணம் திரும்பி வரும்வரை பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

அமிலத்தைப் பற்றிய பாடம் வந்தது. பள்ளியில் அமிலம் ஏது? சுங்கை ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஸ்டோருக்கு வகுப்பை அழைத்துப் போக அனுமதி வாங்கினார்; நானும் கூடப் போனேன். மரத்திலிருந்து வரும் பாலை ஆசிட் ஊற்றி உறையவைத்து ஷீட்டாக அடிக்கிற இடம் அது. பட்டணத்தில் தங்கிப் படித்த லெட்சுமணனின் குடும்பம் இருந்தது அந்தத் தோட்டத்தில்தான் என்பது எங்களுக்குத் தெரியும். அவன் தகப்பனார் அங்கே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி என்று அவனே வகுப்பில் சொல்லியிருந்தான். அன்று காலை முதல் அவன் வாயே திறக்காததை நான் கவனிக்கவில்லை.

ஸ்டோருக்குள்ளிருந்து காக்கி அரைக்கால் சட்டையும் வெறுங்காலுமாக, கையெல்லாம் பால் படிந்த ஒருவர் ஓடிவந்தார். "டேய் லெட்சுமணா, எளச்சுட்டியேடா!" என்று அவன் தலையைத் தடவினார். கிராணி என்று சொன்ன தகப்பனார் இவர்தானா என்று பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எவனோ சிரிக்கத் தொடங்கினான்.

ஞானமுத்து மாஸ்டர் முன்னால் போய் அந்த மனிதரைக் கும்பிட்டார். "அண்ணே, நான் இவங்க சயன்ஸ் மாஸ்டர். ஆசிட்டப் பத்தி புஸ்தகத்துல படிச்சதோட சரி, கண்ணால பாத்ததில்ல. இன்னைக்கி நீங்கதான் பாடம் எடுக்கணும்."

"நானா? நான் என்னத்தங்க சொல்லுவேன்?"

"தெனமும் செய்யறீங்களே, அதச் சொல்லுங்க."

அவர் சொன்னார். ஆசிட்டை அப்படியே ஊற்றக் கூடாது, தண்ணீரில் கலந்துதான் ஊற்றவேண்டும். கூடினால் ஷீட்டு கெட்டுவிடும், குறைந்தால் பால் உறையாது. மழைநாள் பாலுக்கு வேறு அளவு. எல்லாம் தமிழில். சீனப் பையன்களும் மலாய்ப் பையன்களும் விழித்தார்கள். "லெட்சுமணா, இங்கிலீஷ்ல சொல்லுப்பா" என்றார் மாஸ்டர். முதல் இரண்டு வாக்கியம் அவன் குரல் எழும்பவே இல்லை. பிறகு ஒரு சீனப் பையன் மழைநாள் அளவைப் பற்றிக் கேள்வி கேட்டான். லெட்சுமணன் தகப்பனாரிடம் கேட்டு, நிமிர்ந்து நின்று பதில் சொன்னான். தொட்டியில் பால் தயிராகத் திரண்டதைப் பார்த்தபோது சிரிக்கத் தொடங்கியவனும் வாய் பிளந்து நின்றான்.

இனி, அவருக்கும் எனக்கும் நடுவே இருந்த அந்தப் பகுதிக்கு, மெழுகுவத்திச் சோதனைக்கு வருகிறேன்.

தொட்டித் தண்ணீரில் எரியும் மெழுகுவத்தியை நிறுத்தி, போத்தலைக் கவிழ்த்து மூடுவது. சுடர் காற்றில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும், அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறும் என்றது புத்தகம். செய்து பார்த்தார்கள். நோட்டுகளைத் திருத்தும்போது எல்லாரும் 'ஐந்தில் ஒரு பங்கு ஏறியது' என்று எழுதியிருந்தார்கள். லெட்சுமணன் நோட்டு மட்டும் வேறு: "என் போத்தலில் நாலில் ஒரு பங்குக்கு மேல் ஏறியது. சுடர் எரியும்போது ஏறவில்லை. அணைந்த பிறகுதான் ஏறியது."

அவர் அந்த நோட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். முகம் கறுத்திருந்தது. "மத்தவனெல்லாம் பாக்காததப் பாத்ததா எழுதியிருக்கான் தம்பி. நானும் அப்பிடித்தான் எழுதிக் குடுத்திருப்பேன்." மறுநாள் வகுப்பில் அவர் சொன்னது இது: "நடந்ததை எழுதுங்கள். நடக்க வேண்டியதைப் புத்தகம் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறது."

அந்தச் சனிக்கிழமை பகல் முழுவதும் நாங்கள் இருவரும் மெழுகுவத்தி கொளுத்தினோம். இரண்டு மெழுகுவத்தி வைத்தால் தண்ணீர் இன்னும் மேலே ஏறியது. போத்தலைக் கவிழ்க்கும்போது அதன் வாயோரம் குமிழிகள் வெளியே ஓடுவதை அவர்தான் முதலில் பார்த்தார். சூட்டில் காற்று விரிந்து கொஞ்சம் வெளியே போய்விடுகிறது; சுடர் அணைந்து மிச்சக் காற்று ஆறிச் சுருங்கும்போது தண்ணீர் ஏறுகிறது. ஆகவே இந்தச் சோதனை ஐந்தில் ஒரு பங்கைக் காட்டவே காட்டாது. திங்கட்கிழமை அதை அப்படியே வகுப்பில் சொல்லிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. "பரீட்சையில அஞ்சுல ஒண்ணுன்னு எழுதாட்டி மார்க்கு போயிடும்ணே. இந்தக் காலத்துல அந்தப் பசங்களுக்கு யாரு வேலை குடுப்பா?" என்று சண்டை போட்டேன். "பொய்யின்னு தெரிஞ்சப்பறம் எப்பிடித் தம்பி எழுதச் சொல்றது?" என்றார். அன்று மாலை துரையின் அறைக்கு ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்கப் போனவன், பேச்சோடு பேச்சாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பையன்களின் நன்மைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கணக்கு வகுப்பில் தூங்குகிற பையன்கள் அவர் வகுப்புக்கு ஓடினார்கள் என்பதும் அதில் கலந்திருந்தது. இன்று அதை மறைக்க விரும்பவில்லை.

துரை பள்ளிக்கூட இன்ஸ்பெக்டருக்கு எழுதினார். இன்னும் ஒருவரை வேலையிலிருந்து எடுக்கப்போகிறார்கள் என்று பள்ளியில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். அது ஞானமுத்து மாஸ்டர்தான் என்று எல்லாரும் முடிவுகட்டினார்கள். அவருக்கு மனைவியும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். நான் வீட்டில் சாப்பாட்டில் கை வைக்க முடியாமல் தவித்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பில் எழுப்பியது லெட்சுமணனைத்தான். நானும் துரைக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"மெழுகுவத்தி காற்றில் எத்தனை பங்கைத் தின்கிறது?"

"தெரியாது, சார்."

துரையின் முகம் சிவந்தது.

"தெரியாதா? வருஷம் முழுவதும் என்ன படித்தாய்?"

"இந்தச் சோதனையால் அதைக் கண்டுபிடிக்க முடியாது என்று படித்தேன், சார்."

"காட்டு."

பையன்கள் காட்டினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று மெழுகுவத்தி. இன்ஸ்பெக்டர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, தரையில் முழங்கால் போட்டுக் குமிழிகளைப் பார்த்தார். "இன்னொரு தடவை" என்றார். பிறகு எழுந்து ஞானமுத்து மாஸ்டரிடம், ஈரமான சோதனைக் குழாயின் உட்புறம் இரும்புத் தூளை ஒட்டித் தண்ணீரில் கவிழ்த்துச் சில நாள் விட்டுவைக்கும்படி சொன்னார். சூடு இல்லாமல் இரும்பு துருப்பிடிக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்க்கச் சொன்னார். போகும்போது கை கொடுத்தார்.

கொல்லன் பட்டறையில் தூள் வாங்கிவந்தார்கள். தினமும் காலையில் மணி அடிக்கும் முன் வகுப்பு கூடிவிடும். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஐந்தில் ஒரு பங்கில் நின்றது. அதற்கு மேல் ஏறவே இல்லை. பையன்கள் போட்ட கூச்சலில் துரையே ஓடிவந்தார். "புத்தகம் சொன்ன எண் சரி, சொன்ன காரணம்தான் தப்பு!" என்று ஞானமுத்து மாஸ்டர் அவர்களோடு சேர்ந்து கத்திக்கொண்டிருந்தார்.

அந்தக் கேள்வி பரீட்சையில் வரவே இல்லை. வேலைக் குறைப்பிலும் அவர் பெயர் வரவில்லை. அடுத்த வருஷம் சயன்ஸுக்கு வேறு ஆள் வந்தார். இவர் முணுமுணுக்காமல் பூகோளத்துக்குத் திரும்பினார்.

கடைசியில் ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவரிடம் சொன்னேன். "அண்ணே, துரைகிட்ட போட்டுக் குடுத்தது நாந்தான்."

"தெரியும் தம்பி. துரை அன்னைக்கே சொல்லிட்டாரு."

அத்தனை நாளும் தெரிந்தே அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். "ஏண்ணே ஒரு வார்த்த கேக்கல?" என்றேன்.

"நீ சொன்னதுல பொய் இல்லியே. நீ சொல்லாட்டி அந்த இன்ஸ்பெக்டர் வந்திருக்க மாட்டாரு. இரும்புத் தூள் விஷயம் நமக்கு யாரு சொல்லியிருப்பா?" என்று சிரித்தார். பிறகு, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆனா எங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம். அது ஒண்ணுதான்."

அதோடு சரி. பிறகு ஒருநாளும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என் திருமணத்துக்கு அவர்தான் மூத்த அண்ணனாக முன்னால் நின்றார்.

என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். முன்பெல்லாம் தவறான விடையைக் கண்டால் சிவப்பு மையால் உடனே அடித்துவிடுகிறவன் நான். இப்போது அடிப்பதில்லை. "எப்பிடி வந்துச்சு, சொல்லு" என்று கேட்கிறேன். பையன் சொல்லச் சொல்ல, சில சமயம் அவன் சரியாகத்தான் போட்டிருக்கிறான், நான் கொடுத்த கணக்கில்தான் பிழை என்று தெரிகிறது. அப்போது வகுப்பு பார்த்துக்கொண்டிருக்க, கரும்பலகைக்குப் போய் என் கணக்கை நானே அழித்து எழுதுகிறேன்.