மஞ்ச வாலு வந்த வருசம்

நான் சொல்லப்போறதுல ஒரு வார்த்த பொய்யின்னா, என் சைக்கிளு ரெண்டு சக்கரமும் இப்பவே பஞ்சராகட்டும். மீனு விக்கிறவன் காலையில மட்டுந்தான் பொய் சொல்லுவான், "இப்பத்தான் புடிச்சது"ன்னு. மத்தியானம் ஆயிட்டா மீனே உண்மையச் சொல்லிரும். மலாய் நாட்டுல, மாசாய் பக்கம் தோட்டந்தோட்டமா மீன் கூடையக் கட்டிக்கிட்டு சைக்கிள் மிதிச்சவங்க யாராச்சும் இங்க இருந்தா, கொஞ்சம் பக்கத்துல வந்து உக்காருங்க. உங்களுக்குத்தான் வலிக்கும்.

பேரு இல்லாத சரக்கு

ரப்பர் வெல விழுந்து, தோட்டத்து ஆளுங்கள ஊருக்குக் கப்பலேத்திக்கிட்டு இருந்த காலம். கடலும் அந்த வருசம் கையை விரிச்சிருச்சு. நான் மீனு எடுக்குறது மலாய்க்காரரு பாக் லெமான்கிட்ட. கடலுக்குள்ள கம்பு நட்டு வேலி கட்டி மீன மடக்குவாங்களே, கெலோங், அது அவருது. கம்பத்துல, அதான் அந்த மலாய்க்காரங்க ஊருல, பல குடும்பம் அத நம்பித்தான் கஞ்சி குடிச்சுது. "தம்பி, இப்படியே போனா கெலோங்கப் பிரிச்சு வெறகாக்க வேண்டியதுதான்"ன்னாரு ஒரு நாளு.

அப்பத்தான் அது வந்துச்சு. ரெண்டு கையைச் சேத்து வச்ச அகலம், வெள்ளி ஒடம்பு, மஞ்சத்தூள்ல தோச்சு எடுத்த மாதிரி வாலு. கம்பத்துல தலை நரைச்ச ஆளுங்ககூட அத முன்ன பின்ன பாத்ததில்ல. கூட்டங்கூட்டமா வந்து கெலோங்குல ஏறுது. பாக் லெமான் அதுக்கு விருந்தாளி மீனுன்னு பேரு வச்சாரு. "திங்கலாமா, இல்ல ஆளத் தூக்கிருமா?"ன்னு கேட்டேன். அவரு பொண்டாட்டி மாக் மினா அடுப்ப விட்டுத் திரும்பாமலே சொன்னாங்க: "நேத்து இவருக்குத்தான் மொதல்ல ஆக்கிப் போட்டேன். காலையில எந்திரிச்சிட்டாரு, லா."

பொண்ணு பாக்குற மாதிரி

தோட்டத்து லயத்து வீடுங்கள்ல அஞ்சல அக்கா வாங்கினாத்தான் மத்தவங்க வாங்குவாங்க. அன்னிக்கு அவங்க மவ புள்ள பெத்துப் பச்ச ஒடம்பா இருந்துச்சு. அக்கா மீனத் தூக்கிப் பாத்தாங்க, செவுளத் தொறந்து மோந்தாங்க. பேரு என்னா? எந்தக் கடலு? சூடா, குளிர்ச்சியா? புள்ள பெத்தவளுக்குக் குடுக்கலாமா? எனக்குப் பொறுக்கல. "அக்கா, குழம்பு வைக்கப் போறீங்களா, கல்யாணம் பண்ணி வைக்கப் போறீங்களா?"ன்னேன்.

பக்கத்துல இருந்த பொம்பளைங்க சிரிச்சாங்க. அக்கா சிரிக்கல. எடுத்த மீன முந்தானையில போட்டுக்கிட்டு சொன்னாங்க: "கல்யாணத்தப்ப இப்படிக் கேக்காம விட்டுத்தான்டா உங்க மாமன்கிட்ட மாட்டிக்கிட்டேன்."

கேக்காத கேள்வி

அதுக்கப்புறம் லயத்துக்கு லயம் மஞ்ச வாலு புளிக்கொழம்புதான். காலையில ஒரு நட, மத்தியானம் ஒரு நட மிதிச்சேன். பாக் லெமான் வீட்டுக்குப் புது அத்தாப்பு ஓலைக் கூரை ஏறுச்சு. கம்பத்துப் புள்ளைங்க வயிறு நெறைஞ்சு, என் சைக்கிளத் தள்ளிவிட ஓடியாந்தாங்க. "இது எங்கிருந்துதான் வருது?"ன்னு ஒரு நாளு கேட்டேன். பாக் லெமான் என் வாயப் பொத்துனாரு: "விருந்தாளிகிட்ட அதக் கேக்கக் கூடாது, கேட்டா கெளம்பிருவாங்க."

சம்பான் மட்டும் வந்துச்சு

கூட்டம் ஜாஸ்தியாயி, மீனு முட்டி முட்டி கெலோங்கு வேலி சாஞ்சு போச்சு. காத்து பலமா அடிச்ச ஒரு காலையில, "இப்பக் கட்டலன்னா எல்லாம் போயிரும்"ன்னு பாக் லெமான் பெரம்புக் கயித்த எடுத்துக்கிட்டு சம்பான்ல, அவரோட சின்னப் படகுல, போனாரு. சம்பான் மட்டும் கரைக்கு வந்துச்சு. கம்பமே தேடுச்சு. ஆளு கெடைக்கல.

துக்கத்தோட துக்கமா மறுபடியும் கெலோங்குல எறங்கினாங்க. வேற வழி? மஞ்ச வாலத் தவிர ஒன்னும் ஏறல. நான் கூடையக் கட்டிக்கிட்டு லயத்துக்குப் போறதுக்குள்ள சேதி போயிருச்சு. அஞ்சல அக்கா கூடையத் தொடவே இல்ல. "ஒடம்பு கெடச்சிச்சா?"ன்னாங்க. இல்லன்னேன். "மத்த மீனு என்னா திங்கும்னு நமக்குத் தெரியும். இது என்னா திங்குதுன்னு உனக்குத் தெரியுமா?" அக்காவே சொல்லி முடிச்சாங்க: "விருந்தாளியா வந்து வீட்டுக்காரனையே முழுங்கிருச்சுடா, இத எப்படி என் மவ தட்டுல வைப்பேன்?"

மாக் மினாவோட கத்தி

எல்லாத் தோட்டத்துலயும் அதே பேச்சு. கொண்டு போன கூடை அப்படியே திரும்பும். மாக் மினா ஒன்னும் கேக்காம அத வாங்கி வீட்டுக்குப் பின்னால கொண்டு போவாங்க. கருவாடு போடுறாங்கன்னு நெனச்சேன். கம்பத்து ஆளுங்க கெலோங்கப் பிரிச்சிரலாம்னு பேச ஆரம்பிச்சதும், "ஏன் வாங்க மாட்டேங்குறாங்க?"ன்னு மாக் மினா என்னைய நிறுத்திக் கேட்டாங்க. அக்கா சொன்னத அப்படியே சொல்லிட்டேன்.

மறுநாளு கத்திய எடுத்துக்கிட்டு என்கூடவே நடந்தாங்க. நான் சைக்கிள உருட்டிக்கிட்டே போனேன். லயத்துத் தண்ணிக்கொழாகிட்ட உக்காந்தாங்க. ஒரு மீனு எடுத்து வயித்தக் கீறி, உள்ள இருந்தத வாழையெலையில வழிச்சு வச்சாங்க. பச்சப் பாசி. இன்னொன்னு. அதுலயும் பாசி. பொம்பளைங்க ஒவ்வொருத்தரா எறங்கி வந்து சுத்தி நின்னாங்க. எலை பூரா பச்ச.

அஞ்சல அக்காதான் மெதுவாக் கேட்டாங்க: "இதுல பாசி, சரி. மத்ததுலயும் இப்படித்தான்னு அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?" நான் அத மலாய்ல மாத்திச் சொன்னேன். மாக் மினா கத்தியக் கழுவிக்கிட்டே சொன்னத, அப்படியே தமிழ்ல சொல்றேன்: "திரும்பி வந்தது அத்தனையும் நாந்தான் கீறிப் பாத்தேன், அவரோட ஒரு வெரலாச்சும் கெடச்சிருந்தா பொதைச்சிருப்பேன்ல."

அக்கா மண்ணுல உக்காந்து அவங்க கைய புடிச்சுக்கிட்டாங்க. அன்னிக்குக் கூடை காலி. கெலோங்கும் பிரியாம தப்பிச்சுது.

மத்த யாவாரத்துல சரக்கு குடுக்குறவன் செத்தா கடைய மூடுவாங்க, நம்ம யாவாரத்துல மறுநாளே கூடையக் கட்டணும். சரி சரி, மூக்க உறிஞ்சிட்டு நைசா நழுவாதீங்க, ஆளுக்கு ஒரு கோப்பி சொல்லுங்க, எனக்கு பாலு கெட்டியா.