ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை

பொழுதுபோக்காக வாசிக்கிறவர்களைச் சேர்த்து வாத்தியக் குழு நடத்த நினைப்பவர்கள், சுருதிப்பெட்டி வாங்குவதற்கு முன் ஒத்திகை நாளை முடிவு செய்ய வேண்டும். அதையும் தங்களுக்குள் மட்டும் பேசி முடிவு செய்யக் கூடாது. அறுபதுகளின் பிற்பகுதியில் பெரிய காஞ்சிபுரத்தில் அப்படி ஒரு குழுவுக்கு நான் செயலாளர். பதினான்கு பேர். குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், ஒரு தபால்காரர், ஒரே ஒரு நெசவாளர். தெருவுக்குத் தெரு தறி ஓடும் ஊரில் நெசவாளர் ஏன் ஒருவர்தான் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை.

விதிமுறைகளை நான்தான் எழுதினேன். ஒத்திகை ஞாயிறு காலை. தொடர்ந்து மூன்று முறை வராதவர் மேடையேற முடியாது. அலுவலகச் சுற்றறிக்கையைவிடத் தெளிவான நடை என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

நெசவாளர் இரண்டாம் வயலின். யார் வாசித்தாலும் சுருதி விலகினால் உடனே நிமிர்ந்து பார்ப்பார். பங்குனி உற்சவக் கச்சேரிக்கு முசரவாக்கத்தில் கட்டிக்கொடுத்த மகள் வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் மேடையில் வாசித்து அவள் பார்த்ததில்லை. அதற்கு முன் மூன்று ஞாயிறு அவர் வரவில்லை. கச்சேரியிலிருந்து நீக்கும் கடிதத்துடன் அவர் வீட்டுக்குப் போனேன். தறிக்குழியிலிருந்து எழாமலே படித்தார்.

"ஞாயித்துக்கெழம உங்களுக்கு லீவு சார். எங்களுக்கு அமாவாசதான். முகூர்த்தப் பொடவ தறியில ஓடிக்கினு இருக்குது, எப்பிடி எழுந்து வர்றது?"

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"முடிவு பண்ணிட்டுதானே எங்கிட்ட சொன்னீங்க?"

நூல் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி திரும்பாமலே சொன்னார்: "விடுய்யா, பெரிய ஆபீஸு! தாலுக்காபீஸுலகூட மனு குடுத்தா வாங்கிக்குவாங்க."

விதியைத் திருத்தப் பொதுக்குழு கூட வேண்டும். அதற்கு இருபத்தொரு நாள் முன்னறிவிப்பு. கச்சேரிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. விதியை மீற ஒரு நிமிடம் போதும் என்பதும் எனக்குத் தெரியும். மீறவில்லை.

கச்சேரி முடிந்ததும் அந்தப் பெண் இடுப்பில் குழந்தையோடு என்னிடம் வந்தாள்.

"எங்கப்பா ஏன் சார் மேல உக்காரல?"

"விதிமுறைம்மா."

"யாரு போட்டது?"

"நான்தான்."

"அப்ப நீங்களே எடுத்திருக்கலாமே சார்," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த பொதுக்குழுவில் ஒத்திகை அமாவாசைக்கு மாறியது, மாதம் ஒரு முழுநாள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நெசவாளர்கள் நான்கு பேர் சேர்ந்தார்கள். அவர் வரவில்லை. குழு அதன்பின் ஏழு ஆண்டு நடந்தது. இரண்டாம் வயலினுக்குச் சரியான ஆள் கடைசிவரை அமையவில்லை.