பச்சை ஓலை கட்டிய மாமன்

மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து நாங்கள் மோகனூரில் வந்து இறங்கிய அன்றே அத்தை எங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். அப்பாவின் அக்கா அவள். ரப்பர் பால் வாடை துணியை விட்டுப் போயிருக்கவில்லை. "செத்த எலியாட்ட நாறுதுங்க" என்றாள். நாங்களும் சளைத்தவர்கள் இல்லை. அத்தை தினமும் கொடுத்தனுப்பிய தயிரை அம்மா முதலில் பூனைக்கு ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் எங்களுக்குப் போடுவாள். பூனை கொழுத்தது, அம்மாவின் சந்தேகம் இளைக்கவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. யாரையும் லேசில் நம்பாத இந்தப் புத்தி அவளிடமிருந்து எனக்கு வந்த சீதனம்.

ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் ஆட்களைக் கழித்தபோது, "நம்ம ஊருக்குப் போயிரலாம்" என்றார் அப்பா. அவருக்கு அது நம்ம ஊர். இங்கே பிறந்து அங்கே போனவர். அம்மா அங்கேயே பிறந்தவள். அவளைப் பெற்றவர்கள்தான் கப்பலேறியவர்கள். அவளுக்கும் அக்காவுக்கும் எனக்கும் காவிரிகூடப் புது ஆறுதான்.

அக்காவை அத்தை மகனுக்குக் கட்டுவதாகப் பேச்சு. முறைப்பெண் என்பதால் வேண்டாம் என்று சொல்ல அத்தைக்கு வாய் வரவில்லை. அம்மா யார் வீட்டுப் பெண் என்று தெரியாததால் சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை. கல்யாணம் நின்றால் அத்தை கொடுத்த வீட்டில் நாங்கள் இருக்க முடியாது. போக்கிடமும் கிடையாது.

ஒருநாள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே அத்தை கேட்டாள்: "ஏனம்மிணி, புள்ள பெரியவளானப்ப பச்சை ஓலைக் குடிசை ஆரு கட்டுனது?"

வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே உட்காரவைக்கும் குடிசையைத் தாய்மாமன்தான் ஓலை வெட்டிக் கட்டவேண்டும். அவர் யாரென்று தெரிந்தால் அம்மாவின் வம்சமே தெரிந்துவிடும். கேள்வியில் இருந்த கண்ணி எனக்கே புரிந்தது. தயிரில் விஷம் தேடியவள் இதில் ஏமாந்தாள்.

"எங்க அண்ணன்தான். மழையில நனைஞ்சுகிட்டே ஓலை வெட்டினாரு" என்றாள் பெருமையாக.

"கூடப் பொறந்தவருங்களா?"

"எங்கம்மாவும் அவங்கம்மாவும் ஒரே கப்பல்ல வந்தவங்க. அப்ப கூடப் பொறந்தவர்தானே, அண்ணி?"

"அவிய ஊட்டுல என்ன பேசுவாங்க?"

"தெலுங்கு."

தோட்டத்தில் அது ஒரு விஷயமே இல்லை. ஒரே கப்பலில் வந்தவர்கள் உடன்பிறப்பு. அவர்கள் பிள்ளைகளும் அப்படியே. சொந்தங்களைக் கடலுக்கு இந்தப் பக்கம் விட்டுவிட்டுப் போனவர்கள் வேறு என்ன செய்வார்கள்? அத்தை வெற்றிலையைப் போடாமலே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அன்று சாயங்காலம் அப்பா அவளிடம் ஓடினார். "அவ வெகுளிங்க அக்கா. பக்கத்து ஊட்டுக்காரனைப் போயி அண்ணங்கறா. சொந்த அண்ணன் முன்னாலயே கப்பலேறி வந்து ராசிபுரத்துப் பக்கம் இருக்கறாருங்க. கண்ணாலத்துக்கு வருவாருங்க" என்று சாதித்தார்.

ஒருவர் வரவும் வந்தார். பக்கத்து வேலூர்ச் சந்தையில் அப்பாவுக்குப் பழக்கமான வண்டிக்காரர், எங்கள் சாதிக்காரர். சீர்த்தட்டு எடுத்துவந்தார், அக்காவுக்கு மாலை போட்டார். அம்மா அவரைச் சபையில் "அண்ணா" என்று கூப்பிடவேண்டி வந்தது. கூப்பிட்டாள். குரலே எழும்பவில்லை. அதற்காக அப்பாவை நான் கடைசிவரை மன்னிக்கவில்லை. அவர் அந்தப் பொய்யைச் சொல்லாவிட்டால் நாங்கள் தெருவில் நின்றிருப்போம் என்பதும் எனக்குத் தெரியும்.

வண்டிக்காரர் பிறகு எங்கள் தெருவிலேயே குடிவந்துவிட்டார். அக்காவின் பிள்ளைகள் அவரை "தாத்தா" என்று சுற்றிச்சுற்றி வந்தார்கள். மலாயா என்ற பேச்சையே அவர்கள் காதில் யாரும் போடவில்லை.

ஜப்பான்காரன் மலாயாவுக்குள் நுழைவதற்கு முந்தின வருஷம், தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஓலை வெட்டிய மாமா காய்ச்சலில் போய்விட்டார். நான் படிக்கக் கேட்ட அம்மா பட்டப்பகலில் பொதுக்கிணற்றுக்குப் போய், கட்டிய சேலையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டாள். உடன்பிறந்தவன் சாவுக்கு முழுகும் முழுக்கு.

பெண்கள் கூடிவிட்டார்கள். "ஆருங்க செத்தது?"

ஊர் அறிந்த அண்ணன் அன்று காலைதான் வண்டி பூட்டிக்கொண்டு போனார். அம்மா வாய் திறந்தால் அக்காவின் வாழ்க்கை போச்சு.

"எங்க அண்ணன்" என்றாள் அம்மா, சத்தமாக.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தை வந்தாள். அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு வாளி இறைத்து அம்மாவின் தலையில் ஊற்றினாள். இன்னொன்று இறைத்துத் தன் தலையிலும் ஊற்றிக்கொண்டாள். "இது அக்கரையில இருந்த அண்ணனுங்க. எங்களுக்குத் தீட்டுங்க. நவுந்துக்கங்க" என்று பெண்களை விரட்டினாள்.

வண்டிக்காரர் அண்ணன் இல்லை என்பது அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும்? செய்தது இரக்கமா, மகன் குடும்ப மானத்தைக் காக்கப் போட்ட வேஷமா? நான் கேட்கவில்லை, கேட்டாலும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் சில வருஷம் கழித்து வண்டிக்காரர் செத்தபோது, அத்தை தலை முழுகவில்லை, கைகால் கழுவியதோடு சரி.