பீரோவுக்குள் பூட்டிய வைஃபை

மகள் கனடாவுக்குப் போன வாரம்தான் எங்கள் சமயநல்லூர் வீட்டுக்கு வைஃபை வந்தது. வந்த பெட்டியைக் கொண்டுபோய் இரும்பு பீரோவுக்குள், வீட்டுப் பத்திரத்துக்கும் பட்டுச்சேலைக்கும் நடுவில் வைத்தார் என் வீட்டுக்காரர். வயர் நுழையப் பின்பக்கம் ஓட்டை வேறு போட்டார்.

"பிள்ளை முகம் வர்ற பெட்டி. பல்லி கில்லி ஏறிக் கெட்டுப்போச்சுன்னா?" என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வீட்டில் அருமையான பொருளுக்கு வேறு இடம் ஏது?

சாயங்காலம் அவள் கூப்பிடும் நேரத்துக்கு பீரோவைத் திறந்துவைப்போம். அவளுக்கு அது காலைநேரம். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் முகம் தெளிவாக வரும். எழுந்து அடுப்படிக்குப் போனால் வாய் அசையும், சத்தம் வராது. கொல்லையில் கால் வைத்தால் அதுவும் நின்றுபோகும்.

அவள் கேட்டதோ கொல்லையைத்தான். இங்கே இருந்தவரை துவைக்கிற கல்லின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் துணி அலசி முடிக்கும்வரை ஊர்க்கதை பேசுவாள். அவள் போன பிறகும் அந்த ஓரத்தில் தண்ணீர் படாமல்தான் துவைத்துக்கொண்டிருந்தேன். இந்த வருஷமும் லீவு கிடைக்கவில்லை என்று சொன்ன அன்றைக்கு, "ம்மா, பீரோ முன்னாடி உக்காந்து பேசுறது இன்டர்வியூ மாதிரி இருக்கும்மா. நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், அம்புட்டுத்தான். நீ துவைச்சுக்கிட்டே பேசு, நான் கேக்குறேன்" என்றாள்.

பசுமலையிலிருந்து என் தம்பியை வரச்சொன்னேன். பீரோவைப் பார்த்ததும் அவன் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"மச்சான், நகையோட சேத்து சிக்னலையும் பூட்டி வச்சிருக்கீகளே!"

"சுவரெல்லாம் தாண்டி வரும்னு சொன்னாய்ங்களே மாப்ள."

"சுவரைத் தட்டுத்தடுமாறித் தாண்டிரும் மச்சான். இரும்பு விடுமா?"

"அப்ப பல்லி?"

"பல்லி ஒரு பக்கம் கத்திட்டுப் போகட்டும். எங்க அக்கா பேச வேணாமா?"

பெட்டியைக் கூடத்து நடுச்சுவரில், ஆளுயரத்துக்கு மேலே மாட்டினான். அடுப்படிவரை நன்றாக வந்தது, கொல்லைவாசலில் திணறியது. இன்னொரு பெட்டி வாங்கிவந்து அடுப்படிச் சன்னலில் வைத்து, கூடத்துப் பெட்டியிலிருந்து அதற்கு வயர் இழுத்தான். பிறகு போனைத் தூக்கிக்கொண்டு முருங்கைமரம் வரை போய், "அக்கா, இங்கயும் ஃபுல்லா இருக்கு!" என்று கத்தினான்.

மறுநாள் சாயங்காலம் போனைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுத் துவைக்க உட்கார்ந்தேன். எதிர்வீட்டுச் சண்டை, அவள் சிநேகிதிக்கு வளைகாப்பு என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். கொஞ்ச நேரமாக அந்தப் பக்கம் சத்தத்தையே காணோம். சிக்னல் போய்விட்டதோ என்று குனிந்து பார்த்தேன். போகவில்லை. கண் இமைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ம்மா, தலை எப்பம்மா இம்புட்டு நரைச்சுச்சு?"

"வெயில்ல அப்படித் தெரியுது தாயி."

அவள் நம்பவில்லை. "கொஞ்சம் கிட்ட வா, பாக்குறேன்" என்றாள். ஈரக்கையோடு போனை எடுத்து முகத்தருகே பிடித்துக்கொண்டு, அவள் போதும் என்கிறவரை அப்படியே நின்றேன்.