பிரூதா போட்ட மணல்முள் வேலி

பிரூதாவைப் பகைத்துக்கொண்டு எங்கள் ஏரிக்கரையில் எவனும் நிம்மதியாக இருந்ததில்லை. அவளுக்கு அடுத்த வீட்டு எல்மார்ஸுக்கு மட்டும் இது உறைக்கவே இல்லை. அவள் புருஷன் சாவதற்கு முன் தன் கையால் கட்டிய நீராவிக் குளியல் குடில் தண்ணீருக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது என்று ஊராட்சியில் போய் வத்தி வைத்தான் படுபாவி. ஆட்கள் வந்து இடித்துப் போட்டார்கள். அவன் தன் வீட்டு முன்னால் நாற்காலி போட்டு, காபி குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தான். அவளுக்கு மறுபக்கத்து வீட்டுக்காரி நான், என் கண்ணாலேயே பார்த்தேன். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

"ஏரி அழகைப் பாத்துக்கிட்டே குடிக்கிறியா? குடி, நல்லாக் குடி. இனிமே முள்ளைப் பாத்துக்கிட்டுக் குடிப்பே" என்றாள் பிரூதா.

பனி உருகியதும் எல்லையோரம் நெடுக மணல்முள் நட்டாள். எந்தக் குளிருக்கும் அசராத செடி, ஆளுயரத்துக்கு மேல் வளரும், முள் குத்தினால் உயிர் போகும். பெண் செடியில்தான் மஞ்சள் சிவப்பாகப் புளிப்புப் பழம் அப்பிக்கொண்டு காய்க்கும். அதுவும் பக்கத்தில் ஆண் செடி இருந்து, அதன் மகரந்தத்தைக் காற்று கொண்டுவந்து சேர்த்தால்தான். எல்மார்ஸ் தோட்டத்திலும் மணல்முள் உண்டு. அதன் சாற்றுக்கு வருஷம் தவறாமல் அறுவடைச் சந்தையில் முதல் பரிசு வாங்குவான். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனுஷனுக்கு அந்தப் பரிசுதான் உயிர்.

நாலைந்து வருஷத்தில் வேலி எழும்பியது, ஏரி மறைந்தது, பழமும் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. எல்மார்ஸுக்கு வயிறு எரிந்தது.

"என் ஆம்பளச் செடி புண்ணியத்துல காய்க்குதுடி உன் வேலி!"

"அப்போ காத்தைக் கட்டி வையேன், யாரு வேணாங்குறா?"

ரோஷக்காரன், அந்தக் குளிர்காலமே தன் ஆண் செடியை வெட்டிச் சாய்த்தான்.

"யோவ், உன் செடியும்ல காய்க்காது?" என்றேன்.

"பரிசு போனா போவுது. அவ வேலி மொட்டையா நிக்கிறதப் பாக்கணும் எனக்கு."

மறுவருஷம் இரண்டு தோட்டமும் காய்த்துக் குலுங்கியது! வேலி நட்ட அன்றைக்கே அதன் ஏரிமுனையில் ஓர் ஆண் செடியையும் சேர்த்து நட்டிருந்தாள் பிரூதா. இவனை நம்பியா வேலி போடுவாள்? இப்போது இவன் செடியைக் காய்க்க வைத்ததும் அதேதான். புதிதாக ஒன்று நட்டால் பூக்க நாலைந்து வருஷம் ஆகும்; அதுவரை அவன் பரிசு பிரூதா கையில். பாதி உயிர் போய்விட்டது அவனுக்கு.

அடுத்த வசந்தம், பூ விரியும் முன்னால், பிரூதா ரம்பத்தோடு ஏரிமுனைக்குப் போனாள். எல்மார்ஸ் ஓடிவந்து வேலிக்குள் முகத்தை நுழைத்தான். நெற்றியெல்லாம் ரத்தக் கீறல்.

"ஐயோ, வேணாம்மா! நான் செஞ்சது தப்புதான், ஒத்துக்கிறேன். உன் பழமும்ல போயிடும்!"

"பழத்துக்காகவாய்யா நட்டேன்?" என்று சொல்லிவிட்டு அறுக்க ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை. ஏன் தடுக்கணும்?

அந்த வருஷம் சந்தைக்கு எல்மார்ஸ் வெறுங்கையோடு வந்தான். பரிசு எவனோ வெளியூர்க்காரனுக்குப் போனது. பிரூதா அந்தப் பரிசு வாங்கிய சாற்றில் ஒரு குப்பி வாங்கி, நேராக எல்மார்ஸ் எதிரில் வந்து நின்று, நிதானமாக ஒரு வாய் குடித்தாள்.

"உன்னோடதை விட இதுதான் நல்லாருக்கு" என்றாள்.