சிரிக்கக் கூடாதவருக்கு ஒரு சிரிப்புக் கதை

அறுபதுகளின் நடுப்பகுதியில் ஒரு மாரிகாலம். சீனன்குடாவில் கிளாக்கராக இருந்தேன். வேலை முடிந்து பாலையூற்றில் இருந்த வீட்டுக்குச் சைக்கிளில் வரும்போது சறுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டது. திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள்.

அப்போது எனக்குக் கதை எழுதும் விசர் பிடித்திருந்தது. பத்திரிகைகளுக்கு அனுப்பியதெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது. கடைசியாக ஒரு சிரிப்புக் கதை எழுதினேன். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் ஒற்றைச் செருப்பை ஆடு தூக்கிக்கொண்டு ஓடிவிடும். மனிதர் பெண்ணின் தகப்பனுடைய பெரிய செருப்பைப் போட்டு இழுத்து இழுத்து நடந்து பஸ் ஏறுவார். கந்தோரில் கூட வேலை செய்த ஒரு நண்பரிடம் வாசிக்கக் கொடுத்தேன். முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் முடித்துவிட்டு, "பரவாயில்லை" என்று திருப்பித் தந்தார். அந்தச் சொல்லோடு எனக்கு எழுத்து வராது என்று முடிவு கட்டிவிட்டேன். விழுந்த அன்று கையோடு வந்த பைக்குள் அந்தத் தாள்களும் இருந்தன.

பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவில் வயல் செய்கிற ஒரு முஸ்லிம் மனிதர். வார்ட்டில் எல்லோரும் அவரைக் 'காக்கா', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது வயதிருக்கும். கண்புரை எடுத்து, இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் காலத்தில் கண் வெட்டினால் தலையை அசைக்காமல் நாட்கணக்கில் மல்லாந்தே கிடக்கவேண்டும்.

"தம்பி, வாசிக்க ஏதும் வைச்சிருக்கிறீங்களா? இருட்டுக்குள்ள கிடந்து எனக்கு அலுத்துப்போச்சு" என்றார் ஒரு பின்னேரம்.

என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். யாரோ எழுதிய கதை என்று சொல்லி வாசிக்கத் தொடங்கினேன். ஆடு வந்த இடத்தில் அவர் உதடு கோணியது. மாப்பிள்ளை அடுத்தவர் செருப்பைப் போட்டதும் அவருடைய வயிறு குலுங்கியது, பிறகு கட்டிலே குலுங்கியது. என் கதைக்கு ஒருவர் சிரிக்கிறார்! நெஞ்சுக்குள் குளிர்ந்தது. உற்சாகத்தில் குரலை இன்னும் உயர்த்தினேன்.

மிஸ்ஸி ஓடி வந்தார். நேர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். "காக்கா! சிரிக்கக் கூடாது, இருமக் கூடாது எண்டு எத்தனை தரம் சொன்னது? தையல் விட்டுதெண்டால் கண் போயிடும்!" என்று அவரை அதட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "படிச்ச மனிசர்தானே நீங்கள்?"

சற்று நேரத்தில் கண்ணுக்குள் குத்துகிறது என்று காக்கா முனகினார். இந்த மனிதருக்குப் பார்வை போனால் அது என் எழுத்தால் போனதாகத்தானே இருக்கும்? தாள்களைத் தலையணைக்கடியில் தள்ளினேன்.

மறுநாள் அவரே தொடங்கினார். "மிச்சத்தை வாசியுங்கோ தம்பி."

"ஏலாது காக்கா. மிஸ்ஸி ஏசுவா."

"அந்த மனிசன் வீடு போய்ச் சேர்ந்தானா எண்டு யோசிக்க யோசிக்கத்தான் எனக்குச் சிரிப்பு வருது. சொல்லி முடிச்சிட்டீங்களெண்டால் பேசாமக் கிடப்பன்."

மிஸ்ஸிக்கும் அது நியாயமாகப் பட்டது. "சிரிப்பில்லாமல் சொல்லுங்கோ" என்று உத்தரவு தந்தார். சிரிப்புக் கதையைச் சிரிப்பில்லாமல் எப்படிச் சொல்வது? தாளைப் பார்க்காமல், மெல்ல, எனக்கு வந்தபடி சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுக்கு வருகிறார். வாசலில் தாய் நிற்கிறாள். செருப்பைப் பார்த்தும் ஒன்றும் கேட்காமல், அவர் குதிக்காலில் தோல் உரிந்த இடத்துக்கு எண்ணெய் பூசிவிடுகிறாள். எழுதும்போது அந்தத் தாயே எனக்குத் தோன்றவில்லை.

காக்கா, "பாவம் தம்பி" என்றார். குரல் தழுதழுத்தது.

"ஐயோ, அழவும் கூடாது காக்கா!" என்று நான் கத்திவிட்டேன்.

காக்காவின் கண்கட்டை அவிழ்க்கிற நாள்வரை எனக்கு நிம்மதி இல்லை. டொக்டர் விரலைக் காட்டினார், காக்கா எண்ணிச் சொன்னார். "கண் வடிவா இருக்கு" என்றார் டொக்டர். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. டொக்டர் போனதும் அடக்கமுடியாமல் சொன்னேன்: "காக்கா, அந்தக் கதையை எழுதினது நான்தான்."

அவர் கண்ணைச் சுருக்கி முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "அப்படியோ? அப்ப இன்னொண்டு எழுதி வையுங்கோ தம்பி. கண் ஆறினாப்பிறகு கிண்ணியாவுக்கு வாங்கோ. வாய் விட்டுச் சிரிக்கவேணும்."

அடுத்த கதையை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே தொடங்கினேன். பிறகு சில கதைகள் அச்சில் வந்தன, பல திரும்பி வந்தன. எழுதி முடித்ததும் 'இது ஒன்றுக்கும் உதவாது' என்ற எண்ணம் இன்றும் வராமல் இருப்பதில்லை. அந்தநேரம், சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் குலுங்கிய அந்தக் கட்டிலை நினைத்துக்கொள்வேன். யாரோ ஒருவர் மிச்சக் கதைக்காகக் காத்துக் கிடக்கிறார் என்ற நம்பிக்கையில் மறுபடி பேனாவைத் திறப்பேன்.